எதிர்க்கரைக்குப் போன புள்ளி

செப்டம்பர் 2, திங்கள்

இன்று ஒரு கணக்கு எடுத்தேன். காலையில் கண் விழித்ததிலிருந்து இந்த வரியை எழுதும் வரை எத்தனை தடவை செயற்கைக்கோளின் தயவில் இருந்திருக்கிறேன்?

ஆறு மணிச் செய்தியில் மேகப் படம் பார்த்தேன் – ஒன்று. அதை நம்பி நான்கு போர்வைகளையும் ஊற வைத்தேன். பஸ் நிறுத்தத்தில் ‘அடுத்த வண்டி ஏழு நிமிடத்தில்’ என்று பலகை சொன்னது – இரண்டு. வண்டிக்குள் இருக்கும் கருவி தான் எங்கே இருக்கிறோம் என்று வானத்தைக் கேட்டுத்தான் அந்தப் பலகைக்குச் சொல்கிறது. தங்கை தன் புது வீடு இருக்குமிடத்தை போனில் அனுப்பினாள் – மூன்று. அவளோடு முக்கால் மணி நேரம் பேசினேன். செல்போன் கோபுரங்களில் பல தங்கள் கடிகாரத்தைச் செயற்கைக்கோளைப் பார்த்துத்தான் சரி செய்துகொள்கின்றன. எனவே நான்கு. சாயங்காலம் இவர் பார்த்த கால்பந்தாட்டம் – ஐந்து.

இவரிடம் சொன்னேன்.

“ஆறாவது, ஒரு மணி நேரமா என் தலையைத் தின்னது. அதுக்கு மட்டும் எந்த சாட்டிலைட்டும் தேவைப்படல” என்றார்.

முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். வழி கேட்பதே கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர். வானத்திடமா கேட்கப் போகிறார்?

செப்டம்பர் 3, செவ்வாய்

மழை இல்லை. போர்வைகள் மொறுமொறுவென்று காய்ந்தன. மேகப் படத்துக்கு நூற்றுக்கு நூறு.

செப்டம்பர் 5, வியாழன்

மகளின் பட்டறைக்குப் போனேன். கால்வாயை ஒட்டிய சந்தில் முன்பக்கம் ஓர் அறை, பின்பக்கம் தகரக் கொட்டகை. ‘சைக்கிள் பழுது பார்க்கப்படும்’ என்று பச்சைப் பலகை. நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் வந்தவர் ஒருவர். காற்று மட்டும் அடித்துக்கொண்டு போனார்.

கம்பெனியில் இயந்திரப் பிரிவில் நல்ல வேலையில் இருந்தவள். “கம்ப்யூட்டர்லயே நட்டு முறுக்கி முறுக்கி அலுத்துப்போச்சும்மா, நிஜ நட்டு வேணும்” என்று நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து ஜூன் மாதம் இதைத் திறந்தாள். செப்டம்பர் 30-க்குள் திரும்பி வருகிறாளா இல்லையா என்று கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும்.

அவள் வேலை சுத்தமான வேலை. கோணலாகிப்போன சக்கரத்தைச் சுழல விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி அவள் கோட்டம் எடுப்பதைப் பார்த்தால் நமக்கே மூச்சு நின்றுவிடும். பின் ஏன் கூட்டம் இல்லை?

என்னால் ஆனதை ஜூன் மாதமே செய்துவிட்டேன். மேப்பில் கடையின் புள்ளியைக் கையால் உத்தேசமாக வைத்திருந்தாள். திறப்பு விழா அன்றே, கொட்டகையில் டீ கலக்கிக்கொண்டிருந்தபோது, என் போனைப் பார்த்தேன். நான் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி ஒரு பக்கம், அவள் வைத்தது நூறு மீட்டர் தள்ளி. திருத்தி அனுப்பினேன். மேப்பில் இதுவரை நாற்பத்தோரு திருத்தங்கள் செய்து ஐந்து நட்சத்திரப் பட்டம் வாங்கியவள் நான். ஒரு மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அவளிடம் சொல்லவில்லை. பெற்றவள் செய்வதையெல்லாம் சொல்லிக்காட்டவா முடியும்?

செப்டம்பர் 7, சனி

இவர் சாப்பாட்டின் நடுவில் கேட்டார்: “அந்த சாட்டிலைட்டு ஏன் கீழ விழல?”

எத்தனை வருடமாகக் காத்திருந்த கேள்வி! “விழுந்துட்டேதாங்க இருக்கு. பக்கவாட்டுல அவ்வளவு வேகமா ஓடுறதால, அது விழ விழ பூமி வளைஞ்சு விலகிப் போயிடுது. தரையைத் தொடவே முடியாது.”

“நம்ம தெரு முனை வீட்டுக்காரர் கடனை அடைக்கிற மாதிரி. அடைச்சுட்டே இருக்கார், தீரவே மாட்டேங்குது.”

வழி காட்டும் செயற்கைக்கோள்கள் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்றேன். அவை வழியே சொல்வதில்லை. ‘நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மீதிக் கணக்கு போனுடையது என்றேன். கோளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் என்று காகிதத்தில் வரைந்தேன். இவர் முகம் ஒன்றும் விளங்காமல் மோர் மாதிரி வெளுத்திருந்தது.

பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவரே ஆரம்பித்தார். “இரு. மூணு டிப்போ. மூணுலருந்தும் பஸ் கிளம்புது. கிளம்பின நேரம் சீட்டுல எழுதியிருக்கு. எல்லாம் ஒரே வேகம். என் ஸ்டாப்புக்கு வந்ததும் வாட்ச் பார்க்கிறேன். இது இருபது நிமிஷத் தூரம், அது அரை மணித் தூரம். மூணு தூரமும் ஒத்துப்போற ஸ்டாப்பு ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். அங்கதான் நான் நிக்கிறேன். சரியா டீச்சர்?”

சரி. என் கோளங்களைவிடச் சரி. “நாலாவது பஸ் எதுக்குன்னா, உங்க வாட்ச் தப்பா இருந்தா அதைக் கண்டுபிடிக்க” என்றேன்.

“என் வாட்ச் தப்பாவே இருக்காது.”

“பத்து லட்சத்துல ஒரு பங்கு விநாடி தப்பினாலே முந்நூறு மீட்டர் தள்ளிப்போகும்.”

வாட்சைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மகள் சரியாகச் சாப்பிடவில்லை. மேப்பில் அவள் கடைக்கு இன்னொருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார். இதோடு ஏழு. ஒருவரும் காரணம் எழுதவில்லை.

“எழுதினாலாவது திருத்திக்கலாம். எழுதாம போறாங்க. அந்த அளவுக்கு மோசமாவா செய்யறேன்?”

“உன் வேலை தெரியாதவங்க” என்றேன்.

“நீ அம்மா. உன் மார்க் செல்லாது.” சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. “முப்பதாம் தேதி வர்றேன்னு மேனேஜர் மேடத்துக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன். ஒருத்தருக்கு ஒண்ணு பிடிக்கிறது வேற, வர்றது வேற.”

இவர் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

செப்டம்பர் 11, புதன்

கடைவாய்ப் பல் உடைந்தது. வறுத்த கடலை. வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

செப்டம்பர் 13, வெள்ளி

எப்படி எழுதுவேன் இதை?

எங்கள் பல் டாக்டர் விடுமுறை. வேறு ஒருவரைத் தேடிப் போனேன். மகளின் பட்டறைக்கு நேர் எதிர்க்கரை. கால்வாய்க்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவளுடைய பச்சைப் பலகையின் முதுகு தெரிகிறது. நேராக நூறு மீட்டர்தான். பாலம் வழியாகச் சுற்றினால் ஒரு கிலோமீட்டர். பாலத்துக்கு இரண்டு பக்கமும் படிகள்.

டாக்டர் வீட்டுக் கதவில் பெரிய எழுத்தில் ஒரு காகிதம்: ‘இங்கே பற்கள் மட்டுமே பழுது பார்க்கப்படும். சைக்கிளோடு வருபவர்கள் மணி அடிக்க வேண்டாம்.’

நன்றாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அதை இப்போது நினைத்தால் –

நாற்காலியில் சாய்ந்து, ஊசி போட்டு, நாக்கு கட்டையாகி, வாயில் இரண்டு பஞ்சுருண்டை. அப்போது டாக்டரம்மா ஆரம்பித்தார்.

“கதவுல பார்த்தீங்களா? என்ன பண்றது சொல்லுங்க. ஜூன் மாசத்துலருந்து இந்தக் கூத்து. தினம் நாலு பேர், அஞ்சு பேர். பஞ்சரான வண்டியைத் தள்ளிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்கிறாங்க. எனக்குப் பல்லு புடுங்கத்தான் தெரியும், டியூபு ஒட்டத் தெரியாதுன்னா, ‘மேப்புல இங்கதான காட்டுது’ன்னு என்கிட்டயே சண்டை. ஒருத்தரு, ‘இல்லாத கடைக்கு ஒரு நட்சத்திரமே அதிகம்’னு அங்கயே நின்னு குத்திட்டுப் போறாரு. எவனோ ஒரு அதிமேதாவி புள்ளியைக் கொண்டாந்து என் வீட்டு வாசல்ல வச்சிருக்கான். கையில கெடைச்சான்னா மயக்க ஊசி போடாமலே நாலு பல்லு புடுங்குவேன். வாயை நல்லாத் திறங்கம்மா.”

திறந்தேன். வேறு என்ன செய்ய? ‘அந்த அதிமேதாவி நான்தான்’ என்று சொல்லப் பார்த்தேன். “ஆ ஆ ஆஆ” என்று வந்தது.

“வலிக்குதா? இதோ முடிஞ்சது.”

செப்டம்பர் 14, சனி

போனை எடுத்து மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. புள்ளி எதிர்க்கரையில், டாக்டரம்மா வீட்டுப் படியில். அன்று திருத்தும்போது நீலப் புள்ளியை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தேன். கால்வாய் திரைக்கு வெளியே போய்விட்டது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தேனா என்பதுகூட நினைவில்லை.

மகள் கையால் வைத்தது சரி. நான் திருத்தினது தப்பு. சரியான விடையை அடித்துத் தப்பான விடையை எழுதிக் கொடுத்திருக்கிறேன் – நான்!

கொட்டகைக்குத் தகரக் கூரை. சுற்றிலும் இரும்பு. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை, இங்கே வந்து சேரும்போது, அடுத்த ஊரில் ஒருவர் கிசுகிசுப்பது போல அவ்வளவு மெலிந்திருக்கும். தகரத்தைத் தாண்டி போனுக்கு என்ன கேட்டிருக்கும்? பாவம், போன் அதையும் ஒப்புக்கொண்டுதான் இருந்தது. நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீலத்தில் பெரிய வட்டம் போட்டிருந்தது. ‘இதற்குள் எங்கேயோ இருக்கிறீர்கள், உறுதியாகத் தெரியவில்லை’ என்று அர்த்தம். அளந்த எண்ணோடு, கூடவோ குறையவோ எவ்வளவு இருக்கலாம் என்று எழுதாத பிள்ளைகளுக்கு முப்பத்து நாலு வருடம் அரை மதிப்பெண் குறைத்தவள் நான். வட்டத்தைப் பார்த்தேன். புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

புதிய திருத்தம் அனுப்பிவிட்டேன். ‘பரிசீலனையில் உள்ளது.’

சத்தமில்லாமல் சரியாகிவிட்டால்… யாருக்கும் தெரிய வேண்டாமே?

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்னும் பரிசீலனை. என் பல் வலிக்கவில்லை. வேறு எதுவோ வலிக்கிறது.

செப்டம்பர் 16, திங்கள்

மறுத்துவிட்டார்கள்! ‘நம்பகமான பயனர் ஒருவர் ஏற்கெனவே உறுதி செய்த இடத்தோடு பொருந்தவில்லை.’ அந்த நம்பகமான பயனரும் நானே. என்னோடு நானே வழக்காட வேண்டியிருக்கிறது, அதிலும் தோற்கிறேன்.

மகள் கம்பெனிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்திருக்கிறாள். மேஜைமேல் பார்த்தேன். ‘மீண்டும் பணியில் சேர விரும்புகிறேன்’ வரை.

தப்பான அளவீட்டை வைத்து அவள் முடிவு எழுதப்போகிறாள். அளவீட்டைக் கெடுத்தவள் பக்கத்து அறையில் டைரி எழுதுகிறாள். இது என்ன நியாயம்? நாளை சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பட்டறைக்கே போனேன். வாடிக்கையாளர் யாரும் இல்லை – இருக்க மாட்டார்கள்தானே. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: தகரம், நீலப் புள்ளி, டாக்டரம்மா, பஞ்சு.

ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

“நாலு மாசமா ஒவ்வொரு சைக்கிளையும் ரெண்டு தடவை கழட்டி மாட்டறேன்மா. என் கையில ஏதோ கோளாறுன்னு.”

“தப்புதாம்மா.”

“எதை மாத்தினாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்தக்கூடாதா? என் ஹோம்வொர்க்கையும் இப்படித்தான் தூங்கினப்புறம் திருத்தி வைப்ப.”

அதுவும் உண்மை. பஸ் ஏறி வந்துவிட்டேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தேன்.

செப்டம்பர் 18, புதன்

மகள் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அப்பாவிடம் கேட்கிறாள்.

செப்டம்பர் 19, வியாழன்

காலையில் பல் தேய்க்கும்போது குளியலறையிலிருந்து திடீரென்று அவள் சிரிப்பு. நுரையோடு வெளியே வந்தாள்.

“‘ஆ ஆ ஆஆ’ன்னா சொன்ன?”

“ஆமா.”

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னேன். சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். இவரும் வந்து சேர்ந்துகொண்டார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அப்புறம்தான் கேட்டார். கேட்டதும் என்னைப் பார்த்து, “சாட்டிலைட்டு தப்பே பண்ணாதுன்னியே!” என்றார்.

“அது பண்ணலைங்க. நான்தான்.”

திருமணமாகி இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில்லையாம். தேதி குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

குடும்பமாக நிலமளக்கப் போனோம். ‘கடைக்காரரே ஆதாரத்தோடு விண்ணப்பித்தால் மறுபடி பார்ப்பார்கள்’ என்று மகள் தேடிப் பிடித்திருந்தாள்.

முதலில் கடை வாசலில் நின்று பார்த்தேன். வட்டம் சிறிதாகிறது, பெரிதாகிறது, புள்ளி குடிகாரன் போல நடக்கிறது. எதிரே ஓராள் உயரத்துக்கு மேல் கிடங்கின் மதில், முழுக்கத் தகடு போர்த்தியது. அலை நேராக வராமல் அதில் மோதித் திரும்பி வருகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் முந்திக்கொண்டார்.

“புரிஞ்சு போச்சு. ரோட்டை அடைச்சுட்டான், பஸ்ஸு சுத்தி வந்திருக்கு. நீ நேரா வந்ததா நினைச்சுக் கணக்குப் போடற. அப்ப டிப்போ தள்ளி இருக்கிற மாதிரிதான தெரியும்!”

முப்பத்து நாலு வருடத்தில் இதைவிடத் தெளிவாக நான் எதையும் விளக்கியதில்லை. அவரை வகுப்புக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும்.

முன்னறையின் மொட்டைமாடிக்கு ஏணி வைத்து நானும் மகளும் ஏறினோம். முட்டி வலியால் இவர் கீழே நின்று ஏணியையும் எங்கள் மானத்தையும் பிடித்துக்கொண்டார். மேலே சுவர் இல்லை, தகரம் இல்லை, வானம் முழுசாக இருந்தது. ஐந்து நிமிடம் அசையாமல் நின்றோம். வட்டம் சுருங்கிச் சுருங்கி நாலு மீட்டரில் வந்து நின்றது. நான் எண்ணைப் படிக்க, மகள் எழுத, பத்து அளவீடுகள். சராசரி எடுத்தோம்.

“இப்ப அனுப்பலாமா?” என்று அவளைக் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் தொட்டேன்.

அவள் ஜூன் மாதம் விரலால் வைத்த இடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் மூன்று மீட்டர்.

செப்டம்பர் 23, திங்கள்

பலகாரப் பெட்டியோடு டாக்டரம்மாவிடம் போய் அதிமேதாவி யாரென்று ஒப்புக்கொண்டேன். வாயைத் திறக்கச் சொன்னார். பயந்தேன். அடைத்த பல் எப்படி இருக்கிறது என்று பார்த்தாராம்.

“உங்க பொண்ணா அது? என் வீட்டுக்காரரோட சைக்கிள் ரெண்டு வருஷமா துருப்பிடிச்சுக் கெடக்கு” என்றார். கதவுக் காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதி ஒட்டினார்: ‘சைக்கிளா? அதோ எதிர்க்கரை, பச்சைப் பலகை. பாலம் வலது பக்கம். கோபம் வேண்டாம்.’

செப்டம்பர் 26, வியாழன்

ஏற்றுக்கொண்டார்கள்! காலை பத்து இருபதுக்குப் புள்ளி கால்வாயைக் கடந்து வீடு வந்து சேர்ந்தது. என் ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். நியாயம்தான்.

செப்டம்பர் 28, சனி

நேற்று மூன்று சைக்கிள். இன்று ஆறு. ஒருவர் பழைய ஒற்றை நட்சத்திரத்தைத் தானாகவே மாற்றினாராம்: ‘கடை இருக்கிறது!’

ஆனால் மேஜைமேல் அந்தக் கடிதமும் இன்னும் இருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

கடைசி நாள். பதினொரு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். எதையும் மாற்றுவதற்கல்ல; சும்மா பார்ப்பதற்கு.

ஐந்து வண்டிகள் சுவரில் சாய்ந்திருந்தன. மகள் தரையில் உட்கார்ந்து ஒரு சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கறுப்பு.

“நாலு நாள் எண்ணிக்கை போதாதுடா” என்றேன். என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “முடிவெடுக்க இன்னும் மூணு மாசமாவது பார்க்கணும். அவகாசம் கேட்டுப் பாரேன்.”

“கேட்டேன். தர மாட்டாங்களாம். இன்னைக்கே சொல்லணும்.”

“அப்ப?”

“எண்ணிக்கையை விடும்மா. இந்த நாலு நாள்ல ஒரு வண்டியைக்கூட ரெண்டாந்தரம் கழட்டிப் பார்க்கல.”

அவளுடைய போன் அடித்தது. கை எண்ணெய். “எடுத்துக் காதுல வை” என்றாள். குனிந்து வைத்துப் பிடித்தேன். மேனேஜர் அம்மாளின் குரல் எனக்கும் கேட்டது. நல்ல குரல். இருக்கை காலியாக இருக்கிறது, யோசித்துச் சொல் என்றார்.

“யோசிச்சுட்டேன் மேடம். இங்கயே இருக்கேன்.” பிறகு, “இல்ல மேடம், சத்தம் சங்கிலிச் சத்தம். ஆமா, சந்தோஷமாத்தான் இருக்கேன்” என்றாள்.

என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் நிமிரவில்லை, அவள் பேசி முடிக்கும் வரை.

அக்டோபர் 8, செவ்வாய்

இவருடைய சைக்கிள் பஞ்சர். மகள் கடை இருக்கக் கவலை என்ன என்று மிடுக்காக உருட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் நடந்து திரும்பி வந்தார்.

வெள்ளிக்கிழமைக்கு முன் முடியாதாம். பெயர் எழுதி, சீட்டு கொடுத்து, பின்னால் நிற்பவருக்கு வழி விடச் சொல்லி அனுப்பிவிட்டாளாம். “பெத்த அப்பன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன் டீச்சர். ‘அப்பான்னா சனிக்கிழமை’ங்கிறா.”

வரும் வழியெல்லாம் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரையும் நிறுத்தி இதைப் புகாராகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டை வாட்ச் பட்டையில் செருகி வைத்திருக்கிறார், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.